வான்குவிஷ் நிஜமாகவே சின்ன கேம்தானா?

கேள்வி இது: வான்குவிஷ் கேமுக்கு வெளிவந்தபோது விமர்சகர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். விளையாடியவர்களில் சிலர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வேறு சிலர், ஒரே நாளில் முடிந்துவிடுகிற, கதையே இல்லாத சாதாரணச் சுடும் கேம் என்று தள்ளிவிடுகிறார்கள். இதில் யாரை நம்புவது? இத்தனை வருஷம் கழித்து இப்போது விளையாடலாமா?

விளையாடலாம், தயங்க வேண்டாம். ஆனால் யாரை நம்புவது என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஒரே கேமை இரண்டு விதமாக விளையாடிவிட்டு, அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள். நானே அந்த இரண்டு விதமாகவும் விளையாடியவன். முதல் தடவை முடித்தபோது "பரவாயில்லை" என்று வைத்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், முதல் தடவை நான் அந்த கேமை விளையாடவே இல்லை என்பது புரிந்தது.

அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வான்குவிஷ் 2010 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்தது. உருவாக்கியது ஜப்பானின் பிளாட்டினம்கேம்ஸ், வெளியிட்டது சேகா. இயக்குநர் ஷின்ஜி மிகாமி. கதை எதிர்காலத்தில் நடக்கிறது. ரஷ்யாவில் ஆட்சியைக் கைப்பற்றிய ஒரு கும்பல், பிராவிடன்ஸ் என்ற அமெரிக்க விண்வெளிக் குடியிருப்பைப் பிடித்து, அதன் சூரிய ஆற்றலை ஆயுதமாக்கி சான் பிரான்சிஸ்கோ நகரத்தை எரித்துவிடுகிறது. சரணடையாவிட்டால் அடுத்தது நியூயார்க் என்று மிரட்டல். அமெரிக்க மரீன் படையோடு, சாம் கிடியன் என்ற ஆராய்ச்சியாளர் (அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவைச் சேர்ந்தவர்) ஏஆர்எஸ் என்ற தன்னுடைய போர்க்கவச உடையைப் போட்டுக்கொண்டு அங்கே போகிறார். கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த உடைதான் கேம். முழங்காலை மடித்து, முதுகைப் பின்னால் சாய்த்து, ஜெட் வேகத்தில் தரையோடு தரையாகச் சறுக்கிப் போகலாம். சறுக்கும்போதோ, உருளும்போதோ, தடுப்பைத் தாண்டிக் குதிக்கும்போதோ குறிபார்க்கும் பட்டனை அழுத்தினால் நேரம் மெதுவாகிவிடும். கையால் அடித்தால் அந்த ஒரே அடியில் பெரும்பாலான எதிரிகள் சிதறிப்போவார்கள். உயிர் போகிற நிலைக்கு வந்தால் உடை தானாகவே நேரத்தை மெதுவாக்கித் தப்பிக்க ஒரு வாய்ப்புக் கொடுக்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆற்றல் அளவுதான். அது தீர்ந்தால் உடை சூடேறி, ஆறும்வரை இவை எதுவுமே செய்ய முடியாது. எதிரிகள் சூழ்ந்து நிற்கும்போது சாதாரண மனிதனாக ஓட வேண்டியதுதான்.

இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருத்து வேறுபாடும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்தக் காலத்தில் கேம்கள் எப்படி இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். மிகாமி 2005-ல் ரெசிடென்ட் ஈவில் 4 கேமை இயக்கியவர். கேமராவை நாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது அந்த கேம். 2006-ல் வந்த கியர்ஸ் ஆஃப் வார், அந்தத் தோள் கேமராவையும் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து சுடுகிற முறையையும் சேர்த்துப் பிரமாதப்படுத்தியது. ரெசிடென்ட் ஈவில் 4-இன் தாக்கத்தை அதை உருவாக்கியவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த நான்கு வருஷத்துக்கு எங்கே பார்த்தாலும் இடுப்பளவு சுவர்கள்தான். ஒளி, எட்டிப்பார், சுடு, மறுபடி ஒளி. 2010-க்குள் ஆட்டக்காரர்களின் கை தானாகவே இதைச் செய்யப் பழகிவிட்டது. அப்போதுதான் மிகாமி வான்குவிஷோடு வருகிறார். பார்த்தால் அதே இடுப்பளவு சுவர்கள், அதே தோள் கேமரா, அதே கனத்த கவசம் போட்ட படைவீரர்கள். முதல் பார்வைக்கு இன்னொரு கியர்ஸ் மாதிரிதான் தெரியும்.

அதனால் எல்லாரும் பழகின மாதிரியே விளையாடினார்கள். நானும் அப்படித்தான். சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன், தலையை நீட்டிச் சுட்டேன், உயிர் ஏறும்வரை காத்திருந்தேன். சறுக்குவதை ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குப் போகும் வாகனம் மாதிரி வைத்துக்கொண்டேன். அப்படியே முழு கேமையும் சாதாரணக் கடினநிலையில் முடித்துவிட முடிகிறது. என்னைக் கேட்டால் வான்குவிஷின் மிகப் பெரிய பிழை இதுதான். கதையோ நீளமோ இல்லை. மந்தமாக விளையாடுகிறவரை அது கண்டிப்பதே இல்லை. தொடக்கத்தில் வரும் பயிற்சிப் பகுதி எல்லாப் பட்டனையும் காட்டிக்கொடுக்கிறது, ஆனால் "ஒளியாதே, வெளியே வா" என்று சொல்வதில்லை.

விமர்சகர்கள் பக்கம் வருவோம். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் சராசரி நூற்றுக்கு 84 அளவில் நிற்கிறது. நல்ல மதிப்பெண்தான். வேகம், எதிரிகளான ரோபோக்கள் துண்டுதுண்டாக உடைகிற விதம், ஒரே நேரத்தில் திரையில் நடக்கிற அமளி, பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு நடக்கும் பிரம்மாண்டமான சண்டைகள் இவற்றைப் பலரும் மனம் திறந்து பாராட்டினார்கள். குறை என்று வந்தபோதும் அநேகமாக ஒரே பட்டியல்தான். கதை மெலிசு, வசனம் முரட்டுத்தனம், ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, பலரோடு சேர்ந்து விளையாடும் வசதி இல்லை.

இந்தக் குறைகளில் கதையைப் பற்றிச் சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பர்ன்ஸ் என்ற கட்டைக்குரல் தளபதியும் சாமும் பேசிக்கொள்வது பெரும்பாலும் உறுமல்தான். சாமுக்குத் தகவல் சொல்லும் எலெனாவுக்குக் கதையில் செய்வதற்கு வேலையே இல்லை. முடிவில் நியாயமான ஒரு கட்டம் வருவதற்குள் திரை இறங்கிவிடுகிறது. பெரிய வில்லன் தப்பிவிடுகிறான், அடுத்த பாகத்துக்குக் கதவைத் திறந்துவைத்தார்கள், அடுத்த பாகம் வரவே இல்லை. இது வேண்டுமென்றே செய்த கிண்டல், அமெரிக்க அதிரடிப் பாணியைக் கேலி செய்கிறார்கள் என்று ரசிகர்கள் சிலர் வாதாடுவார்கள். சில காட்சிகளில் அந்தத் தொனி இருப்பது உண்மைதான். ஆனால் கிண்டலாகவே இருந்தாலும் அது நன்றாக எழுதின கிண்டல் இல்லை. பிடித்த கேம் என்பதற்காக இதில் வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

முன்பு பார்த்த பாஸ்கள் பிற்பாதியில் திரும்ப வருவதையும் குறையாகச் சொன்னார்கள். பாதி சரி. முதல் கட்டத்தில் ஆர்கஸ் என்ற ராட்சத இயந்திரம் வருகிறது. நாலு பக்கமும் கால் பரப்பி நிற்கும், திடீரென்று எழுந்து மனித உருவம் எடுக்கும், ஒரு லேசர் அடித்தால் கதை முடிந்தது. முதல் தடவை அதைப் பார்க்கும்போது வாய் பிளந்து நிற்போம். அதே உருவத்தைப் பின்னால் மறுபடி கொண்டுவந்து நிறுத்தும்போது அந்த வியப்பு இருப்பதில்லை. ஆனால் அதற்குள் உங்கள் கை மாறியிருக்கும். முதலில் பத்து நிமிஷம் திணறிய இடத்தை இப்போது சறுக்கிக்கொண்டே முடித்துவிடுவீர்கள். எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று அளந்து பார்க்க எனக்கு அது உதவியது.

இனி அந்த நீளப் பிரச்சினை. அதிகமாகச் சண்டை நடந்தது இதற்குத்தான். முழு விலை கொடுத்து வாங்கியவர் ஒரு வார இறுதியில் முடித்துவிட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அப்போதைய நிலவரப்படி ஒரு சுடும் கேம் என்றால் தனியாக விளையாடும் பகுதி ஒன்று, அது முடிந்ததும் மாதக்கணக்கில் இணையத்தில் மற்றவர்களோடு மோதும் பகுதி ஒன்று இருக்க வேண்டும். வான்குவிஷில் இரண்டாவது இல்லவே இல்லை. ஆனால் மிகாமியும் அவரோடு இருந்தவர்களும் வளர்ந்த மரபு, காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரங்களின் மரபு. அந்த மரபில் கேமின் நீளத்தைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை முடித்தால் அறிமுகம் முடிந்தது என்று பொருள். ஸ்கோர் திரையில் ஏறிக்கொண்டே இருப்பதும், ஐந்து கட்டங்களும் சின்னச் சின்னப் பகுதிகளாக வெட்டப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்குக் காட்டுவதும், கதைக்கு வெளியே சவால் அறைகள் தனியாக இருப்பதும், எல்லாவற்றுக்கும் மேலே காட் ஹார்டு என்ற கொடூரமான கடினநிலையை வைத்திருப்பதும் இதற்காகத்தான். கடைசியில் பெயர்ப்பட்டியல் ஓடும்போதுகூட உங்களைச் சும்மா உட்கார விடுவதில்லை. கேமை உருவாக்கியவர்களின் முகங்கள் விண்கற்களில் ஒட்டிக்கொண்டு பறந்து வரும், அவற்றைச் சுட்டுக்கொண்டே பட்டியலைப் பார்க்க வேண்டும்.

விமர்சகருக்கு இருக்கும் நெருக்கடியையும் நினைத்துப் பார்க்கிறேன். குறித்த நாளுக்குள் முடித்து எழுதியாக வேண்டும். ஒரு தடவை விளையாடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். முதல் தடவையில் தன்னை முழுசாகக் காட்டாத கேமுக்கு இந்த ஏற்பாடு பொருந்துவதில்லை. அப்படியிருந்தும் 84 வாங்கியிருக்கிறது என்பதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன். பல விமர்சகர்கள் ஒரே ஓட்டத்தில் இதன் வாசனையைப் பிடித்துவிட்டார்கள்.

ரசிகர்கள் கண்டது என்ன? என் இரண்டாவது ஓட்டத்திலிருந்து ஒரே ஒரு சண்டையைச் சொல்கிறேன். திறந்த இடம். எதிரில் ஏழெட்டு சிவப்பு ரோபோக்கள், நடுவில் ஒரு பெரிய கவச ரோபோ, இடப்பக்க மேட்டில் ராக்கெட் வைத்திருக்கிறவன் ஒருவன். முதல் ஓட்டத்தில் இந்த இடத்தில் சுவருக்குப் பின்னால் நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை சுவரைத் தாண்டிக் குதித்தேன், காற்றில் இருக்கும்போதே குறிபார்த்தேன். நேரம் மெதுவானது. ராக்கெட் கிளம்பி என்னை நோக்கி வருவது தெரிகிறது. அதைச் சுட்டு அவன் பக்கத்திலேயே வெடிக்க வைத்தேன். கால் தரையைத் தொட்டதும் சறுக்கல். ஆற்றல் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. இங்கேதான் முதல் தடவை தப்புச் செய்வோம், தீரும்வரை அழுத்திக்கொண்டே இருப்போம். நான் பட்டனை விட்டுவிட்டேன். சறுக்கல் நின்ற இடம் கவச ரோபோவின் முதுகுப் பக்கம். அதன் கால் மூட்டில் ஷாட்கன்னால் இரண்டு தடவை சுட்டதும் கால் உடைந்து மண்டி போட்டது. மூன்று விநாடி ஒதுங்கி நின்றால் அளவு மறுபடி ஏறிவிடுகிறது. அடுத்த சறுக்கலில் மிச்சமிருந்த கூட்டத்துக்குள் நேராகப் புகுந்து, நடுவில் நேரத்தை மெதுவாக்கி நாலு தலை. கடைசி ஒருவனைக் கையால் அடித்தேன், உடை சூடேறியது, ஆனால் அப்போது சுற்றிலும் யாரும் மிச்சமில்லை. எல்லாம் சேர்ந்து இருபது விநாடி இருக்கும்.

அந்த இருபது விநாடியில் நான் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தது தோட்டாவை அல்ல, அந்த ஒற்றை ஆற்றல் அளவைத்தான். எப்போது செலவழிப்பது, எங்கே நிறுத்துவது, சூடேறினாலும் பரவாயில்லை என்று எந்த நொடியில் முடிவெடுப்பது. கையடி மொத்த ஆற்றலையும் விழுங்கிவிடுகிறது, இது அநியாயம் என்று விமர்சகர்களும் புது ஆட்டக்காரர்களும் புலம்பினார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கையடி மலிவாக இருந்தால் யாரும் சுடவே மாட்டார்கள், சறுக்கிப்போய் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அது சண்டையின் கடைசி வரியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் அந்த விலையை வைத்திருக்கிறார்கள்.

ஆயுதங்களிலும் இதே புத்திசாலித்தனம் இருக்கிறது. பிளேடு என்ற ஒரே துப்பாக்கி, நீங்கள் எடுக்கும் ஆயுதமாக உருமாறும். மூன்று வகையை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆயுதத்தில் தோட்டா நிறைந்திருக்கும்போது அதே வகையை மறுபடி எடுத்தால் அதன் தரம் உயரும். அதாவது, சுடாமல் சேமித்தால் பலம் கூடும், சுட்டால் இப்போதைய ஆபத்து தீரும். செத்தால் உயர்த்திய தரம் குறைந்துவிடும். விழுந்துகிடக்கும் மரீனை ஓடிப்போய் எழுப்பிவிட்டால் அவர் ஆயுதம் தருவார், ஆனால் குண்டுமழைக்குள் போக வேண்டும். அவசரத்தில் இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருப்பதுதான் சுகம்.

அப்புறம் அந்தச் சிகரெட். ஒளிந்திருக்கும்போது ஒரு பட்டனை அழுத்தினால் சாம் ஹெல்மெட்டைத் திறந்து சிகரெட் பற்றவைப்பார். வெறும் அலட்டல் என்று முதலில் நினைத்தேன். பாதி புகைத்துச் சுண்டி எறிந்தால், ரோபோக்கள் சில நொடி அந்தச் சூட்டைப் பார்த்துச் சுடுகின்றன. பகட்டாகத் தெரிகிற ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பயன்பாட்டை ஒளித்துவைப்பதுதான் இவர்கள் பாணி. கால் மடித்துச் சறுக்குவதும் அப்படித்தான். பார்க்க அழகு, ஆனால் உடம்பு தரையோடு இருப்பதால் குண்டு படுவதும் குறைவு.

பிசியில் விளையாடியவர்களின் கருத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் அந்தப் பதிப்பு வந்தது. பழைய கன்சோல்களில் விநாடிக்கு 30 பிரேம் (படச்சட்டம்) ஓடிய கேம், இதில் 60-ம் அதற்கு மேலும் ஓடியது. மவுஸ் குறிக்கு இந்த வேகம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஒரு விபரீதம்: எதிரிகளின் தாக்குதலால் படும் சேதம் பிரேம் வேகத்தோடு பிணைந்திருந்தது. வேகம் கூடக்கூட, அதே குண்டுக்கு அதிக உயிர் போனது. ஆட்டக்காரர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், பிறகு திருத்தம் வெளியிட்டுச் சரிசெய்தார்கள். வெளிவந்த முதல் வாரங்களில் "நியாயமே இல்லாத கடினம்" என்று எழுதிய பிசி ஆட்டக்காரர்களின் ரிவ்யூக்களைப் படித்தால் இதை நினைவில் வையுங்கள். அவர்கள் விளையாடியது இப்போது உங்களுக்குக் கிடைக்கிற கேம் இல்லை.

நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டிய இன்னொரு குறை, நிறம். பிராவிடன்ஸின் உட்புறம் வெள்ளை, சாம்பல், இரும்பு. முதல் கட்டத்தில் தலைக்கு மேலே வளைந்து போகிற நகரத்தைப் பார்த்து மெய்மறப்போம், ஆனால் நடுவில் சில நடைபாதைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. படையினரோடு மெதுவாக நடக்க வைத்து, காதில் பேசவிட்டு இழுக்கிற பகுதிகளும் உண்டு. இரண்டாவது ஓட்டத்தில் அவைதான் அதிகமாக எரிச்சலூட்டின.

இப்போது விளையாடப் போகிறீர்கள் என்றால், பிசி பதிப்பு நல்லது. இல்லையென்றால் 2020 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் பிளாட்டினம்கேம்ஸின் இன்னொரு கேமான பேயோனெட்டாவோடு சேர்த்து மெருகேற்றி வெளியிட்ட பதிப்பு இருக்கிறது. கதைக் காட்சிகளைத் தாண்டிவிட்டாலும் பெரிய இழப்பு இல்லை, முதல் காட்சியை மட்டும் பாருங்கள். ஈசி வேண்டாம். அதில் எதிரிகள் சாவதற்குள் உடையைப் பயன்படுத்த அவசியமே வராது. சாதாரண நிலையில் தொடங்கி, ஆர்கஸைத் தாண்டியதும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சுவருக்குப் பின்னால் மூன்று விநாடிக்கு மேல் உட்காரக் கூடாது. உடை ஆறும்வரை ஒளியலாம், ஆறியதும் வெளியே. முதல் அரை மணி நேரம் நிறையச் சாவீர்கள். ஆற்றல் அளவைத் தீரவிடாமல் பாதியில் நிறுத்தக் கை பழகும்வரை அப்படித்தான் இருக்கும். முடித்ததும் கேமை மூடி வைத்துவிடாமல், முதல் கட்டத்தை மட்டும் ஹார்டு நிலையில் ஒரு தடவை திரும்ப ஆடிப்பாருங்கள். அதற்கப்புறமும் சின்ன கேம், சாதாரண கேம் என்று தோன்றினால் எழுதுங்கள், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.